கயிறு வளையாது

பாரம் தொங்கும் இரும்புக் கயிறு வளையாது. வளைய அதற்கு வழியே இல்லை. கட்டடத்தின் உச்சிக்கும் மேலே, கிரேனின் கண்ணாடி கேபினுக்குள் உட்கார்ந்திருந்த அவள், அன்று காலை, கான்கிரீட் தொட்டியைத் தாங்கிய கயிறு நடுவழியில் இடப்பக்கம் லேசாக ஒதுங்கி, பிறகு மனம் மாறியதுபோல் நேராகிக் கீழே போவதைப் பார்த்தாள். காற்று இல்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். வளைவு அப்படியே இருந்தது. வலது கண்ணை மூடினாள். வளைவு கூடியது, அதன் நடுவில் சாம்பல் நிறப் பொட்டு ஒன்று வந்து உட்கார்ந்தது. இடது கண்ணை மூடினாள், கயிறு நேராகிவிட்டது.

நீரில் நட்ட கோல் வளைந்து தெரிவதை வைத்துக்கொண்டு, கண்ணை நம்பலாமா கூடாதா என்று காலங்காலமாக வாதாடியவர்கள் உண்டு. அந்த வாதம் எதுவும் அவள் காதுக்கு எட்டியதில்லை. இடது கண்ணை மூடியபடியே தொட்டியைத் தரையில் இறக்கினாள். பிரேக்கைப் போட்டாள். வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

“அண்ணே, கொக்கியைக் கழட்டிக்குங்க. நான் இறங்கறேன்.”

“இப்பவா? டீக்கு இன்னும் நேரம் இருக்கே.”

“கயிறு வளைஞ்சு தெரியுது.”

கீழே இருந்தவர் அண்ணாந்து கயிற்றைப் பார்த்தார். பிறகு குரல் வந்தது: “கயிறு நேராத்தாம்மா இருக்கு.”

“அதனாலதான் இறங்கறேன்.”

இதைத் துணிச்சல் என்று சொல்லிவிடலாம். அந்தச் சொல் இப்போது மலிந்துவிட்டது என்பதால் தயக்கமாக இருக்கிறது. தன் கண்ணுக்கும் ஒரு பொருளின் இயல்புக்கும் சண்டை வந்தபோது அவள் பொருளின் பக்கம் நின்றாள், அவ்வளவுதான். அப்படி நின்றால் வேலை போகும் என்று தெரிந்தும் நின்றாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டே இன்னும் ஆறு மாதம் ஓட்டியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது, யார் தலையிலாவது தொட்டி இறங்கும் வரை.

அவளை சைட்டில் எல்லோரும் ‘உச்சி’ என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் சிறியவர்களுக்கு ‘உச்சி அக்கா’. முதலில் ஆட்களையும் செங்கல்லையும் மாடிக்கு ஏற்றி இறக்கும் கம்பிக்கூண்டு லிப்டில் பொத்தான் அமுக்கும் வேலையில் இருந்தாள். மதிய நேரங்களில் கிரேனில் ஏறி ஆபரேட்டரின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, தேர்வெழுதி, தானே ஆபரேட்டர் ஆனாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, “மேலயும் கீழயுமாவே போய் அலுத்துடுச்சு. கொஞ்சம் பக்கவாட்டுலயும் போய்ப் பார்க்கலாம்னு” என்றாள். அவள் கணவர் தெருமுனையில் சலவைக் கடை வைத்திருந்தார். இஸ்திரிப் பெட்டியிலிருந்து கையை எடுக்காமலே வாடிக்கையாளர்களிடம் சொல்வார்: “எம் பொண்டாட்டி தினமும் மேல போறா. சாயங்காலம் திரும்பி வந்துடறா. வேற யார் வீட்டுல இப்படி நடக்குது?”

கீழே இருந்த குரலுக்கு ‘கீழண்ணன்’ என்று பெயர் வந்ததும் அவளால்தான். பாரத்தைக் கட்டி அனுப்பி, எங்கே இறக்க வேண்டும் என்று சொல்லும் சிக்னல்காரர் அவர். எட்டு வருடமாக இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டது குறைவு. அவருக்குச் சளி பிடித்திருப்பது அவர் மனைவிக்குத் தெரிவதற்கு முன்பே உச்சிக்குத் தெரிந்துவிடும்.

கண் மருத்துவமனையில் முதல் ஸ்கேன் எடுத்த அன்றே கோளாறு என்னவென்று தெரிந்துவிட்டது. மருத்துவர் ஓர் அம்மையார், அதிகம் பேசாதவர். திரையில் விழித்திரையின் வெட்டுமுகம் கோடு கோடாகத் தெரிந்தது. நடுவில் ஒரு மேடு.

“சுவர்ல ஈரம் கோத்துக்கிட்டா பெயிண்ட் உப்புது இல்லையா? அதேதான். விழித்திரைக்கு அடியில தண்ணி கசிஞ்சிருக்கு. உப்புன இடத்துல விழற உருவம் கோணலாத் தெரியும். ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?”

“இல்லீங்க. தும்மலுக்கு மட்டும். சிமெண்டு தூசி ஆகாது எனக்கு.” கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள்.

மருத்துவர் அட்டையைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். “இது ஸ்டீராய்டு. ரொம்ப நாள் சாப்பிட்டா கண்ணுல இப்படித் தண்ணி கசியும். எவ்வளவு நாளா?”

“வருஷக்கணக்கா.”

“யார் எழுதிக் கொடுத்தாங்க?”

“எங்க நாத்தனார்.”

“அவங்க டாக்டரா?”

“இல்லீங்க. ஆனா அப்படித்தான் பேசுவாங்க.”

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வேண்டும், தும்மலுக்கு வேறு மருந்து, பிறகு காத்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. பெரும்பாலோருக்குத் தண்ணீர் தானாக வடிந்துவிடும் என்றார் மருத்துவர். பெரும்பாலோர் என்ற சொல் உச்சிக்குப் பிடிக்கவில்லை. கிரேனில் பெரும்பாலும் பிரேக் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் ஏறுவாளா?

நாத்தனார் பக்கத்துத் தெருவில் இருந்தார். தம்பி மனைவியை “எங்க வீட்டு மகாராணி, சிம்மாசனம் ஆகாசத்துல” என்று ஊரெல்லாம் கிண்டல் செய்கிறவர். செய்தி கேட்டதும் ஓடி வந்து, வாசற்படியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

“ஒரே நாள்ல எனக்குத் தும்மல் நின்னுதேன்னுதானே குடுத்தேன்! பாவி நான். வேணும்னா என் கண்ணைப் பிடுங்கி வெச்சுக்கடி.”

“உங்க கண்ணு வேண்டாம் அண்ணி. அதுல பார்த்தா எல்லாமே குத்தமாத் தெரியும்.”

அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காகக் கோபித்துக்கொண்டு உள்ளே போய், தன்னிடம் மிச்சமிருந்த அட்டைகளையும் கொண்டுவந்து குப்பையில் போட்டார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் யாராவது கடையில் மாத்திரை வாங்கி வருவது தெரிந்தால் அவர் வழிமறித்து விசாரிப்பார். அது ஒரு தனித் தொந்தரவு.

கம்பெனி உச்சியை ஸ்டோரில் உட்கார வைத்தது. காலையில் ஹெல்மெட் கொடுக்க வேண்டும், மாலையில் வாங்கி அடுக்க வேண்டும். கிரேனை ஒரு புது ஆள் ஓட்டினான். அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் பாரம் ஆடும்போது கொக்கி எழுப்பும் கிணுகிணுப்பு கேட்கும். கேட்டதும் அவள் வலது கை தன்னையறியாமல் மேஜை மேல் ஒரு விரற்கடை நகரும். ஹெல்மெட் வாங்க வந்தவர்கள் அதைக் கவனித்தும் கவனிக்காததுபோல் இருந்தார்கள். மானேஜர் நல்லவர்தான், ஆனால் கணக்காகப் பேசுகிறவர். “மொட்டை மாடிக்கு லிப்ட் மோட்டார் ஏத்தறதுதான் கடைசிப் பெரிய வேலை. அதுக்குள்ள டாக்டர் சரின்னு சொல்லட்டும், நீங்கதான் ஏத்தறீங்க. சொல்லலைன்னா வருத்தப்படாதீங்க, ஸ்டோர் வேலை நிரந்தரம். நிழல்ல உட்கார்ந்து செய்யற வேலை.”

நிழல் என்று அவர் ஆறுதலுக்குச் சொன்னது அவளுக்குத் தண்டனைபோல் கேட்டது.

சில மாதங்களில் தண்ணீர் வடிந்துவிட்டது. ஸ்கேனில் மேடு இல்லை. வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள், அவளைத் தவிர. கயிறு நேராகியிருந்தது, ஆனால் சாம்பல் பொட்டு போகவில்லை. வெளிறிப்போய் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. மருத்துவரும் சம்மதம் சொல்லவில்லை.

“ஒரு கட்டடத்தை நெடுக்க வெட்டினா மாடி மாடியாத் தெரியும் இல்லையா, இந்த ஸ்கேன் அப்படித்தான் காட்டும். உங்களுக்கு எல்லா மாடியும் இருக்கு. ஆனா இந்த ஒரு மாடி மங்கலா இருக்கு பாருங்க. வெளிச்சத்தை வாங்கற செல்லுங்க இருக்கற மாடி. மாடி தெரியுது, உள்ள ஆள் இருக்காங்களா இல்லையான்னு இதுல தெரியல.”

“ஆள் இல்லைன்னா?”

“செத்த செல் திரும்ப வராது. அப்புறம் நீங்க மேல ஏற நான் சம்மதிக்க மாட்டேன்.”

ஆளைத் தலை தலையாகக் காட்டும் கருவி ஒன்று மருத்துவமனைக்குப் புதிதாக வந்திருந்தது. கண்ணின் முன்பக்கத்து மேடுபள்ளங்கள் ஒளியைச் சிறிது குலைத்துவிடும். அதனால்தான் சாதாரண கேமராவில் அடியில் இருக்கும் செல்கள் தனித்தனியாகத் தெரிவதில்லை. இந்தக் கருவிக்குள் ஒரு சின்னக் கண்ணாடி, அந்தக் குலைவை அளந்து, அதற்கு எதிராகத் தன்னையே நெளித்து நெளித்துச் சரிசெய்துகொள்ளும். நட்சத்திரங்களைத் தெளிவாகப் பார்க்க வானியல்காரர்கள் உருவாக்கிய வித்தை இது. பிறகு கண்ணுக்குள் பார்க்கத் திருப்பிக்கொண்டார்கள்.

அதை இயக்கியவர் ஆஜானுபாகுவான மனிதர். மருத்துவமனை முழுக்க அவருக்கு ‘அசையாதே’ என்று பெயர், நாள் முழுவதும் அவர் சொல்வது அதைத்தான் என்பதால். தன் கல்யாணப் படத்தில்கூட அவர் போட்டோக்காரரைப் பார்த்து அசையாதே என்று அதட்டியதாகச் சொல்வார்கள்.

இருட்டறையில் மோவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தி உட்கார்ந்தாள்.

“நடுவுல ஒரு பச்சைப் புள்ளி தெரியுதாம்மா? அதை மட்டும் பாருங்க. ஒரு சிவப்புக் கோடு மேலேருந்து கீழ ஓடும். ஓடட்டும். அதுக்கும் உங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அசையாதீங்க.”

கோடு ஓடியது. திரையில் வந்தது வெறும் தேய்ப்பு, ஈரப் பெயிண்டில் கை பட்டதுபோல்.

“கண்ணு கோட்டுப் பின்னாடியே போகுது. இன்னொரு தடவை. அசையாதீங்க.”

மறுபடியும் தேய்ப்பு. சிறு அசைவுகளைக் கருவியே துரத்திப் பிடித்துச் சரிசெய்துவிடும். அவள் கண் செய்தது சிறு அசைவு அல்ல. கோட்டைச் சட்டென்று பற்றிக்கொண்டு, அது கீழே போய்ச் சேரும்வரை கூடவே இறங்கி, பத்திரமாகத் தரையிறக்கிவிட்டுத் திரும்பியது. குழந்தைகளையும் கை நடுங்கும் கிழவர்களையும் படமெடுத்தவர், இப்படி ஒரு கண்ணைப் பார்த்ததில்லை.

“ஏம்மா, புள்ளியைப் பாக்கறது அவ்வளவு கஷ்டமா?”

“முடியலீங்க. அசையறது ஒண்ணு கண்ணுல பட்டா விட்டுட்டு வர முடியல. எங்க வேலைல விட்டா யாராவது செத்துடுவாங்க.” கண் கெட்டுவிட்டதா என்று அறிய வந்த இடத்தில், கண்ணின் நல்ல பழக்கமே குறுக்கே நின்றது.

மருத்துவர் வந்து படங்களைப் பார்த்தார். “இதுல கறுப்பா இருக்கறதெல்லாம் செல் இல்லாத இடமாவும் இருக்கலாம், கண்ணு ஓடினதாவும் இருக்கலாம். இதை வெச்சு நான் சரின்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன்.” நேர்மையான பேச்சு. ஆனால் மோட்டார் அவர் பேச்சுக்காகக் காத்திருக்காது.

அவர் போன பின்பு அசையாதே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. “சரி, உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்க. பாரம் அசையும்போது நீங்க அதைப் பாக்காம இருக்கற நேரம்னு ஒண்ணு கிடையவே கிடையாதா?”

அவள் யோசித்தாள். “இருக்கு. குருட்டுத் தூக்கு.”

“கண் ஆஸ்பத்திரில சொல்ற வார்த்தையாம்மா இது!”

“பாரம் கட்டடத்துக்குப் பின்னாடி போயிட்டா எனக்குத் தெரியாதுங்க. அப்ப எட்டி எட்டிப் பாக்கக் கூடாது, பார்த்தா கை தப்பும். கேபின்ல ஒரு பச்சை விளக்கு இருக்கு. அதையே பார்த்துக்கிட்டு, கீழ இருக்கறவர் குரலை மட்டும் கேட்டு இறக்குவேன். அவர் ‘வருது, வருது’ன்னு சொல்லிக்கிட்டே இருப்பார். குரல் நின்னா நானும் நிறுத்திடணும்.”

“அவர் எங்க இருக்கார் இப்போ?”

“வெளியதான். என்னைக் கூட்டிக்கிட்டு வந்தவரே அவர்தான்.”

கீழண்ணன் காத்திருக்கும் இடத்தில் தலையில் ஹெல்மெட்டோடு தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி உள்ளே அழைத்து வந்து, அவர் செய்ய வேண்டியதைச் சொன்னார்கள். அவர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார், ஹெல்மெட்தான் அகப்பட்டது.

“சும்மா பேசச் சொன்னா எனக்கு வாய் வராதுங்க. கையில எதையாவது பிடிக்கணும்.”

சொட்டு மருந்துப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். அதை வாய்க்குப் பக்கத்தில் பிடித்ததும் ஆளே மாறிவிட்டார். சுவரோரமாகத் திரும்பி நின்றுகொண்டார். அவளுடைய முகத்தைப் பார்த்தால் அவருக்குப் பேச்சு வராது.

“உச்சி, கேக்குதா?”

“கேக்குது அண்ணே.”

“குருட்டுத் தூக்கு. பாரம் பின்னாடி இருக்கு. உனக்கு வேலை விளக்கு மட்டும்தான்.”

“விளக்கு மட்டும்.”

“வருது... வருது... வருது...”

சிவப்புக் கோடு ஓடியது. அது யாருடைய பாரமோ. அவள் கண் பச்சைப் புள்ளியின் மேல் உட்கார்ந்தது. அந்தக் குரல் இருக்கும்வரை உலகில் அசையும் எதற்கும் அவள் பொறுப்பல்ல, வேறொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒருவருடைய பார்வை இன்னொருவருக்குள் ஓய்வெடுப்பதை நம்பிக்கை என்று சொல்கிறோம். பெரிய சொற்களுக்கு இப்படிச் சின்ன வேலை கிடைக்கும்போதுதான் அவற்றில் பொருள் இருப்பது தெரிகிறது.

“வருது... வருது... தொட்டாச்சு. நிறுத்து.”

அந்தப் பொழுதில் அசையாதே தன் ஒற்றைச் சொல்லைச் சொல்ல மறந்திருந்தார். திரையைப் பார்த்துவிட்டு, “அடேயப்பா” என்றார். அதுவே அவருக்கு இரண்டாவது சொல்.

படத்தில் சின்னச் சின்ன ஒளிப் புள்ளிகள் நெருக்கமாக அடுக்கி வைத்ததுபோல் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு செல். உச்சி மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். “ஸ்டோர்ல அடுக்கின ஹெல்மெட்டை மேலேருந்து பார்த்த மாதிரி இருக்கு” என்றாள். ஓரிடத்தில் மட்டும் இருண்ட திட்டு. அதற்குள்ளும் அங்கங்கே மங்கலாகச் சில.

மருத்துவர் நெடுநேரம் பார்த்தார். “மாடி காலியா இல்லை. ஆள் இருக்காங்க. இந்தத் திட்டுல சில பேர் தூங்கற மாதிரி இருக்கு.”

“எழுப்ப முடியுமா?”

“அவங்களாத்தான் எழுந்திருக்கணும்.”

“எங்க சைட்டு ஆளுங்க மாதிரின்னா கஷ்டம்தான்” என்றார் கீழண்ணன், சொட்டு மருந்துப் பெட்டியை இன்னும் கையில் பிடித்தபடி.

எழுந்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரே வழி, கொஞ்ச காலம் கழித்து அதே இடத்தை மறுபடி படமெடுப்பது. அதே இடம் என்றால் ஏறக்குறைய அல்ல. மயிரிழையைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் பிரியும் கவைகளை அடையாளமாக வைத்து, பழைய படத்தின் மேல் புதியது துல்லியமாகப் பொருந்த வேண்டும். அசையாதே இதை விளக்கியபோது உச்சிக்கு அவர் மேல் முதல்முறையாக மரியாதை வந்தது. பாரத்தை வைத்த இடத்திலேயே மறுபடி வைப்பது எவ்வளவு கடினம் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த இடைக்காலம் எளிதாக இல்லை. லிப்ட் மோட்டார் லாரியில் வந்து இறங்கி, தார்ப்பாய்க்குள் யானைக்குட்டிபோல் படுத்திருந்தது. ஸ்டோர் வாசலிலிருந்து அது தெரியும். தும்மல் திரும்பி வந்து அவளைப் படுத்தியது. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு ஹெல்மெட் கொடுத்தாள். நாத்தனார் தினமும் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, “தும்மு, நல்லாத் தும்மு. தும்மினா யாரும் சாகறதில்லை” என்று பக்கத்தில் காவல் இருந்தார்.

இரண்டாவது முறை எல்லோருக்கும் அவரவர் இடம் தெரிந்திருந்தது. கீழண்ணன் கேட்காமலே பெட்டியை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனார். ‘வருது, வருது’ என்ற குரல் இருட்டறையில் இறங்கியது. படம் வந்தது. அசையாதே பழையதன் மேல் புதியதை வைத்துப் பொருத்தினார். கவைகள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தன. பிறகு பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிக் காட்டினார்.

திட்டு சுருங்கியிருந்தது. முன்பு இருண்டிருந்த இடத்தில் புள்ளி புள்ளியாக ஒளி. தெருவில் மின்சாரம் திரும்பும்போது வீடு வீடாக விளக்கு எரியுமே, அதுபோல. ஓரத்தில் சில வீடுகள் இருண்டேதான் இருந்தன. அவை இனி எரியாமலும் போகலாம் என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். பிறகு அவளை வேறு அறைக்கு அழைத்துப் போய், எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, தூரத்தையும் ஆழத்தையும் கணிக்கச் சொல்லி, இரண்டு கண்ணையும் சேர்த்துச் சோதித்தார். அவர் அவசரப்படவில்லை. அவள் பொறுமையிழந்து விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மருத்துவர் பேனாவை மூடினார். “ஏறலாம்.”

“எவ்வளவு தூரம்?”

“உங்க கிரேன் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு. ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இங்க வரணும். கூட அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க. அவர் இல்லைன்னா எங்களுக்குப் படம் வராது.”

மோட்டார் ஏற்றிய அன்று வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கேபினில் புது ஆள் எழுந்து இடம் விட்டான். “சீட்டு உயரத்தை நான் மாத்தவே இல்லக்கா. குனிஞ்சு குனிஞ்சே ஓட்டினேன்” என்றான். அவள் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

தார்ப்பாய் விலகியது. கொக்கி மாட்டினார்கள். மோட்டார் தரையை விட்டுக் கிளம்பியபோது அவள் வலது கண்ணை மூடிப் பார்த்தாள். இடது கண்ணில் கயிறு மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக நின்றது. ஓரமாக ஒரு சின்ன மங்கல். அதோடு வாழப் பழகிக்கொள்ளலாம். வலது கண்ணையும் திறந்தாள். மாடி மாடியாக அந்தக் கட்டடத்தைத் தாண்டி மோட்டார் ஏறியது. ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு ஓரத்துக்கு வந்து நின்றார்கள்.

சாலையின் எதிர்ப்புறம் குடைக்கடியில் நின்ற நாத்தனார், போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தினார். “மேல உட்கார்ந்திருக்கா பாருங்க, அது எங்க வீட்டு மகாராணி. அவ கண்ணுக்குள்ள எத்தனை விளக்கு எரியுதுன்னு டாக்டரே படம் எடுத்து வெச்சிருக்காங்க. உங்களுக்குத் தெரியுமா உங்க கண்ணுல எத்தனைன்னு?” கேட்டவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நடந்தார்கள். சலவைக் கடைக்காரர் அன்று இஸ்திரிப் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு வந்திருந்தார். அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

மொட்டை மாடியில் மோட்டார் இறங்க வேண்டிய அறை, உயர்ந்த சுவருக்குப் பின்னால் இருந்தது. மேலே திறப்பு, சுற்றிலும் ஒரு சாண் இடைவெளிதான். பாரம் சுவரைத் தாண்டி மறைந்தது.

“உச்சி, குருட்டுத் தூக்கு” என்றது குரல். இந்த முறை அவரும் மாடியில்தான் நின்றார்.

அவள் பச்சை விளக்கைப் பார்த்தாள்.

“வருது... வருது... இடது பக்கம் ஒரு விரல்... போதும். வருது... வருது...”

கயிற்றின் இழுப்பு கையில் மெல்லத் தளர்ந்தது.

“தொட்டாச்சு. நிறுத்து.” பிறகு, விதிப்படி சொல்லக் கூடாத ஒன்றையும் சொன்னார்: “அடிச்சுட்ட தங்கச்சி! வெச்ச இடத்துல பூ மாதிரி உட்கார்ந்திருக்கு.”

மாடி மாடியாகக் கைதட்டல் கீழே இறங்கியது. ஹெல்மெட்டுகள் கையில் உயர்ந்து ஆடின. மேலிருந்து பார்க்க, படத்தில் கண்ட ஒளிப் புள்ளிகள்போலவே இருந்தன. கொக்கியைக் கழற்றும் முன் கயிற்றைக் கொஞ்சம் இறுக்கி, அவள் வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

“அண்ணே, கயிறு எப்படி இருக்கு?”

“நேரா இருக்கும்மா.”

“எனக்கும்” என்றாள்.